ஒற்றைக் கியரும் இரட்டைக் கியரும்: சைமன் விக்கின் இரண்டு கணக்குகள்

1989-இல் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் பந்தய ஓட்டுநர் சைமன் விக், சிறிய மண் தடத்தில் ஓடும் ஸ்பீட்வே பந்தயத்தில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை அடுத்தடுத்து இரண்டாவது ஆண்டாக வென்றார். மியூனிக்கில் நடந்த உலக ஸ்பீட்வே இறுதியில் இரண்டாம் இடம் பிடித்தார். பிராட்ஃபோர்டின் ஆட்சல் அரங்கில் இங்கிலாந்து உலக அணிக் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியிலும் இருந்தார். அதே ஆண்டில், செக்கோஸ்லோவாகியாவின் மரியான்ஸ்கே லாஸ்னே என்ற ஊரில், அதைவிடப் பெரிய தடத்தில் ஓடும் லாங்ட்ராக்கின் உலகப் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் விக் என்றதும் பழைய ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லாங்ட்ராக்தான். 1985, 1989, 1990, 1993, 1994 என்று ஐந்து உலகப் பட்டங்கள். ஸ்பீட்வேயிலோ தனிநபர் உலகப் பட்டம் ஒன்றுகூட இல்லை. அந்த மியூனிக் வெள்ளிதான் உச்சம். இரண்டுமே இடப்பக்கம் மட்டும் திரும்பும் பந்தயங்கள். இரண்டிலும் 500 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜின், மெத்தனால் எரிபொருள், பிரேக் கிடையாது. அப்படியிருக்க ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் பூஜ்யம் என்ற இடைவெளி எங்கிருந்து வந்தது? அதிர்ஷ்டம் இல்லை என்றோ, பதற்றத்தில் கோட்டைவிட்டார் என்றோ சொல்லிவிட்டுப் போவது சுலபம். கிளட்ச், ஸ்டார்ட் கயிறு, பந்தய நாட்காட்டி ஆகிய மூன்றையும் பார்த்தால் விடை இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதலில் ஸ்பீட்வே. பிரிட்டனில் ஒரு சுற்று சுமார் 300 மீட்டர். அக்காலத்தில் நாய்ப் பந்தய அரங்குகளுக்கு உள்ளே போட்ட தடங்களே அதிகம். கெட்டியான அடித்தளத்தின் மேல் ஷேல் எனப்படும் நொறுங்கிய களிப்பாறைத் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். நான்கு பேர், நான்கு சுற்று, கடிகாரத்துக்கு எதிர்த் திசை. முதல் மூவருக்கு 3, 2, 1. கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. மொத்தப் பந்தயமும் ஒரு நிமிடத்துக்குள்ளோ அதை ஒட்டியோ முடிந்துவிடும்.

வண்டியின் எடை 80 கிலோவை ஒட்டி இருக்கும். பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இல்லை. கியர் ஒன்றே ஒன்று. நடுவில் கிளட்ச், அவ்வளவுதான். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை உற்றுப் பார்த்தால் அது இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது புரியும். வலது பக்கம்தான் காலுக்கு உறுதியான பிடிமானம், முழங்காலை மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. இடது கால் பெரும்பாலும் தரையில் உரசிக்கொண்டே போவதால் இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். வலது மணிக்கட்டில் ஒரு கயிறு. ஓட்டுநர் விழுந்தால் அது இழுபட்டு என்ஜின் அணைந்துவிடும். பின் டயரிலும் ஒரு பக்கத்து விளிம்பு மட்டுமே தேயும். அதனால் சில ஹீட்களுக்கு, அதாவது தனித்தனி ஓட்டங்களுக்கு, பிறகு டயரைக் கழற்றித் திருப்பி மாட்டி மறு விளிம்பைப் பயன்படுத்துவது மெக்கானிக்கின் வாடிக்கையான வேலை.

வளைவில் நடப்பது பார்ப்பதற்கு விபத்துபோலவே இருக்கும். ஆக்சிலேட்டரை ஒரு கணம் குறைத்து எடையை முன்னால் தள்ளியதும் பின்சக்கரம் வெளியே வழுக்குகிறது. உடனே ஹேண்டிலை எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம், திருப்பி மறுபடி முறுக்க வேண்டும். பின்சக்கரம் சுழன்றுகொண்டே பக்கவாட்டில் போகிறது. அந்தச் சுழற்சியே வண்டியைத் திருப்பவும் செய்கிறது, வேகத்தைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது. பயந்து சட்டென்று கையை எடுத்துவிட்டால் சக்கரம் மண்ணைக் கவ்விக்கொள்ளும், வண்டி ஆளை வலப்பக்கமாகத் தூக்கி எறியும். புதியவர்கள் விழுவதில் பாதி இந்தத் தவற்றால்தான்.

ஆனால் 300 மீட்டர் தடத்தில் இந்த அழகெல்லாம் பல சமயம் இரண்டாம்பட்சம். ஸ்டார்ட் கோட்டின் குறுக்கே கட்டிய கயிறு மேலே பறந்ததும் முதல் வளைவு வந்துவிடுகிறது. அங்கே யார் முன்னால் நுழைகிறாரோ அவர் மற்றவர் முகத்தில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டே போகலாம். ஆகவே கிளட்ச்சை விடும் அந்த அரை நொடிக்காகவே வண்டி தயாராகிறது. ஸ்டார்ட் கோட்டில் ஓட்டுநர்கள் கால் விரலால் மண்ணைச் சுரண்டி, தட்டி, சின்ன வாய்க்கால்போலச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். பின்சக்கரம் வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதற்காக. பிரிட்டனில் இதைக் கிண்டலாகத் 'தோட்ட வேலை' என்பார்கள். இரண்டு நிமிடக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் கோட்டுக்கு வரவில்லையென்றால் அந்த ஹீட்டே போச்சு.

கியரை மாற்ற முடியாது என்பதால் பல்சக்கரத்தை மாற்றுவார்கள். பின்னால் 58 பல் இருந்ததை 57 ஆக்கினால் வித்தியாசம் 1.7 சதவீதம்தான். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஸ்டார்ட்டில் பிடித்த வண்டி நேர்ப்பாதையின் முடிவில் மூச்சு முட்டுவதற்கும், நேர்ப்பாதையில் பறந்த வண்டி ஸ்டார்ட்டில் தூங்குவதற்கும் அந்த ஒரு பல் போதும். தடம் ஆழமாகப் பொதபொதவென்று பிடிமானத்தோடு இருந்தால் பல் கூடும். தண்ணீர் வற்றி, மண் ஓரத்துக்கு ஒதுங்கி, தரை பளபளவென்று ஆகிவிட்டால் பல் குறையும். சக்கரம் வீணாகச் சுழலாமலிருக்க இக்னிஷனையும் சற்றுத் தாமதப்படுத்துவார்கள். முதல் ஹீட்டில் சரியாக இருந்த அமைப்பு பத்தாவது ஹீட்டில் தவறாகிவிடும். தடம் மாறிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்கும் அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

விக் வளர்ந்தது இந்த அரங்குகளில் அல்ல, கிராஸ்ட்ராக்கில். இது விவசாயியிடம் ஒரு நாளைக்கு வாங்கிய மேய்ச்சல் நிலத்தில் நடக்கும் பந்தயம். முளைக்குச்சி, கயிறு, ஸ்டார்ட் வண்டி, மீட்டர் கணக்கில் தோராயமாக அளந்த ஒரு நீள்வட்டம். ஞாயிறு மாலை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிரிட்டனில் 250, 350, 500 சிசி தனி வண்டிகளுக்கும் பக்கப்பெட்டி வண்டிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. காலையில் பச்சைப் புல். இரண்டு மணி நேரத்தில் புல் போய் மண். மாலைக்குள் வளைவு நுழைவில் முழங்கால் அளவுக் குழிகள். அதனால்தான் கிராஸ்ட்ராக் வண்டிக்குப் பின்னாலும் ஷாக் அப்சார்பர் வேண்டும். நேர்ப்பாதை நீளமென்பதால் இரண்டு கியர் வேண்டும். சக்கர இடைவெளியும் ஸ்பீட்வே வண்டியைவிட நீளம்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு ஒரு பழக்கம் ஊறிவிடும். குழி வருகிறது என்று தெரிந்தும் ஆக்சிலேட்டரைக் குறைக்காமல், உடம்பைத் தளர்த்தி, வண்டியைத் தன்பாட்டுக்குக் குலுங்க விட வேண்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் குலுக்கல் கைவழியாகத் திரும்பி ஆக்சிலேட்டரையே ஆட்டும். கை ஆடினால் என்ஜின் விட்டு விட்டு இழுக்கும், பின்சக்கரம் ஒருமுறை பிடித்து ஒருமுறை வழுக்கும், அடுத்தது வேலிதான். ஒரே சீராக முறுக்கிப் பிடிக்கும் கை, வேகம் கூடக் கூட அமைதியாகும் உடம்பு என்ற இந்த இரண்டும்தான் பிறகு லாங்ட்ராக்கில் விக்குக்குச் சோறு போட்டன.

லாங்ட்ராக் என்பது அந்த வேகத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டுவது. ஜெர்மனியில் இதை மணல் தடப் பந்தயம் என்பார்கள். சுற்று பெரும்பாலும் 1,000 மீட்டர். பவேரியாவில் பல தடங்கள் குதிரைவண்டிப் பந்தயத்துக்காகப் போட்டவை. ஹெர்க்ஸ்ஹைம் என்ற இன்னொரு ஜெர்மன் ஊரில் கிறிஸ்து விண்ணேற்பு நாளன்று நடக்கும் பந்தயம் ஊர்த் திருவிழாவைப் போன்றது. நேர்ப்பாதையில் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். சராசரி 130 என்று வைத்துக்கொண்டாலும் நான்கு சுற்றுக்கு 110 நொடி ஆகும். அதாவது ஸ்பீட்வேயில் என்ஜின் படும் பாட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம், அதுவும் கையை எடுக்காமல்.

இந்த வேகத்தில் வளைவே வேறு விதம். ஸ்பீட்வேபோல வண்டியைத் தூக்கிப்போட்டுத் திருப்ப முடியாது. அப்படிச் செய்தால் வேகம் செத்துவிடும், மறுபடி எடுக்க நூறு மீட்டர் ஆகும். நேர்ப்பாதையில் டாங்க் மேல் படுத்தபடி வந்து, வளைவுக்கு முன் மெல்ல எழுந்து, ஆக்சிலேட்டரை நூலளவு தளர்த்தி, வண்டி தானே ஒருக்களிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். வளைவின் நீளம் மட்டுமே பல நூறு அடி. அதில் பாதியில் கோட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் காலம் கடந்திருக்கும். எங்கே நுழைந்தீர்களோ அதுவே எங்கே வெளியேறுவீர்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். ஒரே நேரத்தில் ஆறு பேர்வரை ஓடும்போது பின்னால் மாட்டிக்கொண்டவர் கண்ணாடியில் மணல் அப்பிக்கொள்ளும். கிழித்து எறியும் மெல்லிய தாள்களை அடுக்காக ஒட்டிக்கொண்டு போவார்கள். கடைசித் தாளையும் முதல் சுற்றிலேயே கிழித்தவர் மீதியைக் குருட்டாம்போக்கில்தான் ஓட்ட வேண்டும்.

இங்கே ஸ்டார்ட் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. மணலைச் சாப்பிடாமலிருக்க அதுவும் வேண்டும். ஆனால் ஸ்டார்ட்டில் மூன்றாவதாக வந்தவருக்கு அதைச் சரிக்கட்ட மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கிறது. ஸ்பீட்வேயில் அந்தப் பாக்கி ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அதிலும் குறுகலான தடம். விக்கின் இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் பாதியை இந்த ஒரு விஷயம் நிரப்பிவிடுகிறது.

மீதியை நிரப்புவது இயந்திரம். லாங்ட்ராக்கில் வேகமான ஆள் தோற்பதைவிட, வேகமான ஆளின் என்ஜின் தோற்பதுதான் அதிகம். மெத்தனால் ஏன் என்பதிலிருந்து தொடங்கலாம். பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 போதும். ஆகவே அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருளை ஊற்ற வேண்டும், கார்புரேட்டர் ஜெட்டின் துளையும் அதற்கேற்பப் பெரிது. அவ்வளவு திரவம் ஆவியாகும்போது என்ஜினின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் 13, 14 என்ற அளவில் அழுத்த விகிதம் வைத்தும் என்ஜின் தட்டாமல் தாங்குகிறது. காற்றால் மட்டும் குளிரும் ஒற்றை சிலிண்டரை இப்படிக் கசக்கிப் பிழிய முடிவதற்குக் காரணம் அதுதான்.

அதற்கான விலையும் உண்டு. ஜெட் கொஞ்சம் சிறிதானாலோ, வழியில் தூசி அடைத்தாலோ கலவை வறண்டு பிஸ்டனின் தலை உருகத் தொடங்கும். 60 நொடிப் பந்தயத்தில் தப்பித்துவிடும் தவறு 110 நொடிப் பந்தயத்தில் தப்பாது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பந்தயம் முடிந்த இரவே டாங்கை வடித்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவாவிட்டால் அடுத்த வாரம் ஜெட்டில் அந்தப் பொடி உட்கார்ந்திருக்கும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பது இன்னொரு ஆபத்து. வண்டி எரிகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவர் அனல் அடித்த பிறகே உணர்வார்.

எண்ணெய் விஷயத்தில் இந்த வண்டிகள் ஊதாரிகள். எண்ணெய் சுற்றிச் சுற்றி வருவதில்லை. பம்ப் ஒருமுறை உள்ளே தள்ளும், வேலை முடிந்ததும் வெளியே போய்விடும். நெடுங்காலம் ஊற்றியது ஆமணக்கு எண்ணெய், நம் ஊர் விளக்கெண்ணெய்தான். ஸ்பீட்வே அரங்கின் புகழ்பெற்ற வாசனைக்கு மூலம் அது. கடும் சூட்டிலும் உலோகத்தின் மேல் அதன் படலம் கிழியாது. ஆனால் துடைக்காமல் விட்டால் பிசினாக இறுகி பிஸ்டன் ரிங்குகளை ஒட்டிவிடும். லாங்ட்ராக்குக்குப் போகும்போது பம்பின் அளவைக் கூட்ட மறந்தால் முதலில் அடிவாங்குவது கனெக்டிங் ராடின் அடிப்பக்க பேரிங்.

பிறகு அந்த இரண்டாவது கியர். ஸ்டார்ட்டில் முதல் கியரில் கிளம்பி, வேகம் ஏறியதும் காலால் ஒரே ஒரு தட்டு. எளிது என்று தோன்றும். சுற்றிலும் ஐந்து வண்டிகள், கீழே மேடுபள்ளம், பூட்ஸில் அப்பிய மண். தட்டு முழுதாக விழாமல் கியர் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டால் சுமை இல்லாத என்ஜின் ஒரு நொடியில் எல்லை மீறிச் சுழலும். வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடித்துவிடும். பிறகு அந்த நாளைக்கு அந்த என்ஜின் இல்லை. ஒரே நாளில் முடிவாகும் உலக இறுதியில் இந்த ஒரு தட்டு ஓர் ஆண்டு உழைப்பின் விலை. அப்படிப்பட்ட ஒரு நாளில் ஐந்து முறை முதலிடம் பிடித்தவரின் சாதனையில், வேன் பின்கதவைத் திறந்துவைத்து இரவெல்லாம் என்ஜின் பிரித்தவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. தயாரிப்பில் கறாரானவர் என்ற பெயர் விக்குக்கு இருந்தது. பளிச்சென்ற உடை, ஒழுங்கான வண்டி, ஸ்பான்சருக்குக் கொடுக்கும் மரியாதை என்று தொழில்முறையாக நடந்துகொண்டார். அதை வெறும் பகட்டு என்று நினைத்தவர்கள் கணக்கைத் தவறாகப் போட்டவர்கள். லாங்ட்ராக்குக்குத் தனி வண்டி, தனி என்ஜின்கள், தனிப் பயணச் செலவு. ஸ்பான்சர் இல்லாமல் அந்த இரண்டாவது கொட்டகையை நடத்த முடியாது.

1960 அக்டோபர் 15-இல் பிறந்த விக், 1980-இல் வெய்மவுத் அணியில் ஸ்பீட்வேக்கு வந்தார். அது இரண்டாம் நிலைப் பிரிவு. அடுத்து முதல் நிலையில் க்ராட்லி ஹீத். 1984-இல் ஆக்ஸ்ஃபோர்டு. அதே 1984-இல் டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சனும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தார். 1985, 1986 இரண்டு ஆண்டும் அணிகள் மோதும் பிரிட்டிஷ் லீக் பட்டம் ஆக்ஸ்ஃபோர்டுக்குத்தான்.

லீக் பந்தயம் எப்படிச் சம்பளம் தருகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் கிடையாது. எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று கணக்கு. ஒரு ஹீட்டில் அணிக்கு இருவர். உங்கள் ஜோடி முதலில் வந்து, நீங்கள் எதிரணி ஆளுக்கு முன்னால் இரண்டாவதாக வந்தால் உங்களுக்கு ஒரு போனஸ் புள்ளி உண்டு. அது அணியின் கணக்கில் சேராது, உங்கள் கூலியில் சேரும். ஜோடியைத் துரத்தி மோதாமல், எதிராளிக்கு வழி அடைத்துக்கொண்டு பின்னால் வருவதற்கான ஊக்கத்தொகை அது. நீல்சன்போல ஸ்டார்ட்டிலேயே பறந்துவிடும் ஒருவர் இருக்கும் அணியில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் உலக இறுதிக்குப் போனால் அதே நீல்சன் எதிரே நிற்பார்.

எதிரே நின்றார். உலக இறுதியில் 16 பேர், 20 ஹீட், ஆளுக்கு ஐந்து ஓட்டம். ஓட்டத்துக்கு மூன்று எதிராளிகள், ஐந்துக்குப் பதினைந்து. ஆக, ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் சரியாக ஒருமுறை சந்திக்கும்படி அட்டவணை போட்டிருப்பார்கள். 15 புள்ளி எடுத்தவர் உலகத்தில் எல்லாரையும் நேருக்கு நேர் தோற்கடித்தவர் என்று அர்த்தம். 1989 மியூனிக்கில் நீல்சன் அந்தப் பதினைந்தையும் எடுத்தார். விக்கும் இங்கிலாந்தின் ஜெரமி டான்காஸ்டரும் 12-இல் சமமாக நிற்க, தனி ஓட்டத்தில் வென்று விக் வெள்ளியை எடுத்துக்கொண்டார். தங்கத்துக்கும் அவருக்கும் நடுவில் மூன்று புள்ளி.

அந்த இறுதிக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. அக்காலத்தில் ஒரு பிரிட்டிஷ் ஓட்டுநர் பிரிட்டிஷ் அரையிறுதி, பிரிட்டிஷ் இறுதி, அதன்மேல் காமன்வெல்த், ஓவர்சீஸ், இன்டர்கான்டினென்டல் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரே ஒரு மாலை. ஒரு செயின் அறுந்தால், ஒருமுறை ஸ்டார்ட் கயிற்றைத் தொட்டால் அந்த ஆண்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மேலே போய்ச் சேர்ந்தால் டென்மார்க்காரர்கள் காத்திருப்பார்கள். 1984 முதல் 1989 வரை ஆறு உலகப் பட்டங்களையும் இருவரே பங்கிட்டுக்கொண்டார்கள்: எரிக் குண்டர்சன் 1984, 1985, 1988, நீல்சன் 1986, 1987, 1989. விக்கின் சிறந்த ஆண்டுகள் அப்படியே இந்தச் சுவரின் மேல் மோதிய ஆண்டுகள். ஐந்தாண்டு முன்னோ பின்னோ பிறந்திருந்தால் கதை வேறு என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் லாங்ட்ராக்கிலும் அதே குண்டர்சன் 1984, 1986 பட்டங்களை வென்றவர். ஜெர்மனியின் கார்ல் மையர் 1987, 1988 இரண்டையும் எடுத்தவர். விக் அங்கே ஆளில்லாத மைதானத்தில் ஜெயிக்கவில்லை.

அவருக்கு முன் லாங்ட்ராக் உலகப் பட்டம் வென்ற பிரிட்டிஷ்காரர் ஒருவர்தான்: 1981-இல் மைக்கேல் லீ. அவர் 1980-இல் ஸ்பீட்வே உலகப் பட்டமும் வென்றிருந்தார். நியூசிலாந்தின் ஐவன் மாகர் ஆறு ஸ்பீட்வே, மூன்று லாங்ட்ராக். ஜெர்மனியின் எகோன் முல்லர் மூன்று லாங்ட்ராக் பட்டங்களோடு 1983-இல் ஸ்பீட்வேயையும் பிடித்தவர். இரண்டையும் வெல்ல முடியும் என்பதற்குச் சாட்சிகள் இருந்தார்கள். விக்குக்கு ஒரு கதவு திறக்கவில்லை.

நாட்காட்டியையும் மறக்கக் கூடாது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டின் சொந்தத் தடத்தில் பந்தயம் வெள்ளிக்கிழமை இரவு. ஜெர்மனியின் பெரிய பந்தயங்கள் ஞாயிறும் விடுமுறை நாட்களும். வெள்ளி இரவு கடைசி ஹீட் முடிந்து, ஸ்பீட்வே வண்டியை இறக்கி லாங்ட்ராக் வண்டிகளை ஏற்றி, டோவரில் கப்பல் பிடித்தால் கலேயிலிருந்து பவேரியா ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஞாயிறு பந்தயம் ஓட்டி, திங்கள் திரும்பினால் அடுத்த லீக் மாலை வந்து நிற்கும். இதில் களைப்பைவிடப் பெரிய சிக்கல் கை. 1,000 மீட்டர் தடத்துக்குப் பழகிய கை ஆக்சிலேட்டரை நிதானமாகவே திறக்கும். அடுத்த நாள் கிளட்ச்சை அரை நொடியில் விட வேண்டிய ஸ்டார்ட்டில் அந்த நிதானமே பகை. இரண்டு தடத்திலும் மாறி மாறி ஓட்டிய எல்லாரும் இந்த மாற்றத்தில் தடுமாறியவர்கள்தான். இருந்தும் ஏன் போனார்கள்? லீக்கில் புள்ளிக்குக் கூலி. ஐரோப்பிய ஏற்பாட்டாளர்களோ சாம்பியன் வந்து நிற்பதற்கே தொகை பேசினார்கள். பட்டம் கையில் இருந்தால் தொகை ஏறும். ஆகவே 1985-க்குப் பிறகு விக்கின் நேரமும் பணமும் எந்தப் பக்கம் சாயும் என்பதில் வியக்க ஒன்றுமில்லை.

அந்த 1989 செப்டம்பரில் ஆட்சலில் கிடைத்த அணிக் கோப்பையை யாரும் கொண்டாடும் மனநிலையில் இல்லை. முதல் ஹீட்டிலேயே நான்கு வண்டிகளும் மோதியதில் குண்டர்சன் படுகாயமடைந்தார். அவருடைய பந்தய வாழ்க்கை அந்த நொடியோடு முடிந்தது. பிரேக் இல்லாததுதான் இந்த விளையாட்டின் ஆபத்து என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் நெருக்கமாக ஓடும் நான்கு வண்டிகளில் ஒன்றுக்கு மட்டும் பிரேக் இருந்தால்தான் பின்னால் வருபவருக்குப் பேராபத்து. முதல் வளைவில் இடம் குறைவு, முன்னால் விழுந்தவரைத் தவிர்க்க நேரமில்லை. ஆட்சலில் நடந்ததும் அதுதான்.

தொண்ணூறுகளில் விக் லாங்ட்ராக்குக்கு இன்னும் நெருக்கமானார். 1990-இல் மூன்றாவது பட்டம். 1991, 1992 கைவிட்டுப்போக, 1993, 1994 மறுபடி அடுத்தடுத்து இரண்டு. கடைசிப் பட்டத்தின்போது அவருக்கு வயது 33. ஸ்பீட்வேயில் அந்த வயதில் ஸ்டார்ட் மந்தமாகத் தொடங்கிவிடும். லாங்ட்ராக்கில் அனுபவம் அதை ஈடுகட்டும். நுழையும் கோட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிற கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாகாது.

அதன்பின் விளையாட்டின் வடிவமே மாறியது. 1995-இல் ஒரு நாள் உலக இறுதி எடுக்கப்பட்டு ஸ்பீட்வே கிராண்ட் பிரீ தொடர் வந்தது. 1997 முதல் லாங்ட்ராக்கும் அப்படியே. பல சுற்றுப் புள்ளிகளைக் கூட்டிப் பட்டம் தரும் இந்த முறையில் ஒரு செயின் அறுந்தால் உலகம் முடிந்துவிடாது. விக் வென்ற ஐந்தும் பழைய ஒரு நாள் முறையில் வந்தவை. ஜெர்மனியின் கெர்ட் ரிஸ் பிற்பாடு இரண்டு முறைகளிலுமாகச் சேர்த்து எட்டுப் பட்டங்களோடு அவரைத் தாண்டிச் சென்றார். அதைப் பார்க்க விக் இல்லை. மூளைக்கட்டியால் 2000 நவம்பர் 15-இல் இறந்தபோது அவருக்கு 40 வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.